இரண்டு கண்ணையும் திறந்து ஏர் பிஸ்டல் சுட்டால் டார்கெட் இரண்டாகத் தெரிகிறது – உதவி வேண்டும்

நொய்யல்

வணக்கம். கோவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கற்று வருகிறேன். வயது 43, வலது கைப் பழக்கம். இரண்டு கண்ணிலும் -1.25 பவர் உண்டு, இப்போது ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போடுகிறேன்.

இதுவரை இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் சுட்டேன். 30 ஷாட் தாண்டினால் இடது கன்னம் இழுக்கிறது, வலது கண்ணில் தண்ணீர் கட்டுகிறது, ஃப்ரன்ட் சைட் (பிஸ்டலின் முன் குறிமுனை) மங்கிப் போகிறது. கோச்சிடம் சொன்னபோது, இரண்டு கண்ணையும் திறந்து பழகச் சொன்னார். திறந்தால் ஃப்ரன்ட் சைட்டைப் பார்க்கும்போது டார்கெட் இரண்டு, டார்கெட்டைப் பார்க்கும்போது பிஸ்டல் இரண்டு. எதை நம்புவது என்று தெரியவில்லை.

பெரும்பாலான ஷாட் கார்டில் 8 மணிப் பக்கம் (கடிகார முகத்தில் போல, இடது-கீழே) 7, 8 வளையங்களில் விழுகிறது. ஆனால் சில ஷாட் கார்டிலேயே இல்லை, இடது பக்கச் சுவரில் போய்ப் படுகிறது. கண்ணை மூடிச் சுட்ட நாட்களில் இப்படி ஆனதே இல்லை. பழையபடி மூடிக்கொண்டே சுடலாமா, அல்லது இதற்குப் பயிற்சி ஏதாவது உண்டா?

திருப்பூர்_10மீ

மூடாதீங்க சார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச்சைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில், இரண்டு கண்ணும் திறந்தபடி. கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். கொஞ்ச நாள் விடாமல் திறந்தே சுட்டால் மூளை தானாகப் பழகிவிடும்.

பழைய_லேன்

டிகேச் 2008 முதல் ஒலிம்பிக்கில் சுடுகிறவர். அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு புதியவர் முதல் மாதத்தில் போக முடியாது. 'தானாகப் பழகிவிடும்' என்று விட்டால் நொய்யல் சார் இன்னும் நிறைய பெல்லட்டைச் சுவரில்தான் அடிப்பார். அந்தச் சுவர் ஷாட்டை முதலில் கவனிக்க வேண்டும். பக்கத்து லேனில் ஆள் இருக்கும்போது அது விளையாட்டு இல்லை. சரியாகும் வரை பெல்லட் போடாமல் ட்ரை ஃபயர் மட்டும் செய்யுங்கள், கோச்சிடமும் சொல்லிவிடுங்கள்.

சார், உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் சுவர். ஃப்ரன்ட் சைட்டில் பார்வையை நிறுத்தினால் பின்னால் இருக்கும் டார்கெட் இரண்டாகத் தெரிவது கோளாறு இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டு கண்ணும் சுமார் 63 மி.மீ. இடைவெளியில் இருந்து ஒரே சைட்டைப் பார்க்கின்றன. நீட்டிய கையில் ஃப்ரன்ட் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. அங்கிருந்து 10 மீட்டருக்குக் கோடு இழுத்துப் பாருங்கள், இரண்டு பிம்பத்துக்கும் நடுவில் 60 செ.மீ.க்கு மேல் வந்துவிடும். வலது பக்கம் தெரியும் டார்கெட் உங்கள் வலது கண்ணுடையது. இடது பக்கம் தெரிவது இடது கண்ணுடையது. சைட் இரண்டையும் வலது கண்ணால் ஒழுங்காகச் சேர்த்துவிட்டு, இடது பக்கத்து டார்கெட்டின் கீழே கொண்டுபோய் வைத்தால் பெல்லட் அந்த 60 செ.மீ. இடதுக்குத்தான் போகும். கார்டின் அகலமே 17 செ.மீ. அதனால்தான் சுவர்.

இதைச் சோதிப்பது சுலபம். காலிப் பிஸ்டலை ஏந்தி, ஃப்ரன்ட் சைட்டைப் பார்த்தபடியே இடது கண்ணை ஒரு நொடி மூடுங்கள். காணாமல் போகிற டார்கெட் உங்களுடையது இல்லை. மிஞ்சி நிற்பதுதான் உங்களுடையது.

அடுத்தது 8 மணிப் பக்கம் விழும் 7, 8. இதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இரட்டைப் பிம்பம் ஏமாற்றினால் ஷாட் அரை மீட்டருக்கு மேல் விலகும், ஒன்றிரண்டு வளையம் விலகாது. வலது கைக்காரருக்கு இடது-கீழாகக் கூட்டம் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது ட்ரிகர் விரலையும், ட்ரிகரோடு சேர்ந்து இறுகும் மற்ற விரல்களையும். ஷாட் போகும் நேரத்தில் முழுக் கையும் பிடித்துவிடுகிறது. ரூல்படி இந்தப் பிஸ்டலில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, அந்த 500 கிராமை ஒரு விரல் மட்டும் இழுக்க வேண்டும்.

ஃப்ரன்ட் சைட் மேல் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், சைட் இரண்டுக்கும் நடுவில் சுமார் 35 செ.மீ. இருக்கிறது. ரியர் சைட் (பின் குறி) பள்ளத்தில் ஃப்ரன்ட் சைட் 1 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் 28 மி.மீ. போகும், அதாவது மூன்றரை வளையம். கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினாலோ டார்கெட்டிலும் அதே 5 மி.மீ. தான். 10-இன் விட்டம் 11.5 மி.மீ., அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே டார்கெட் மங்கலாகவே இருக்கட்டும். அதைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் சைட் இரண்டின் ஒழுங்கு குலைந்துவிடும்.

இப்போது இடது கண். அதை மூடவும் வேண்டாம், முழுசாக வேலைக்கு விடவும் வேண்டாம். கண்ணாடியின் இடது லென்ஸில், நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும், மங்கலான செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். வெளிச்சம் வரும், உருவம் வராது. இரண்டாவது டார்கெட் மறைந்துவிடும், கன்னமும் இழுக்காது. பழகப் பழகத் துண்டைச் சின்னதாக்கலாம், பிறகு எடுத்துப் பார்க்கலாம். எடுக்காமலே காலம் முழுக்க நன்றாகச் சுடுகிறவர்கள் நிறையப் பேர். எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எந்தக் கண் உங்களுக்கு முந்துகிறது, அதாவது மூளை எந்தக் கண்ணை முதலில் நம்புகிறது என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

என்சிசி_முன்னாள்

எங்களுக்கு .22 ரைஃபிளில் 'இடது கண்ணை மூடு, பேக்சைட் வழியாக ஃபோர்சைட்டைப் பார்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சில ரவுண்டுதான் சுடுவோம், அதற்கு அது போதும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட், அதற்கு முன் 15 நிமிடம் சைட்டிங் (கணக்கில் வராத சோதனை ஷாட்). அவ்வளவு நேரம் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தாங்க முடியாது. பழைய_லேன் அண்ணன் சொன்ன டேப்தான் சரி.

கண்_கண்ணாடி

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். டேப் யோசனையை முழு மனதாக ஏற்கிறேன், ஆனால் கறுப்பு டேப் ஒட்டிவிடாதீர்கள். ஒரு கண்ணுக்கு வெளிச்சம் போகாவிட்டால் மற்றக் கண்ணின் பாப்பாவும் கொஞ்சம் விரியும். விரிந்தால் தெளிவாகத் தெரியும் தூர எல்லை சுருங்கி, ஃப்ரன்ட் சைட்டும் கறுப்பு வட்டமும் ஒருசேரப் புலப்படுவது இன்னும் கடினமாகும். நீங்கள் கண்ணை மூடிச் சுட்டபோதும் இதே நிலைதான். வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் ப்ரோக்ரெசிவ் கண்ணாடி. அதில் மேலே ஒரு பவர், கீழே போகப் போக வேறு பவர். தலையை ஒரு இழை சாய்த்தாலும் நீங்கள் பார்க்கும் பவர் மாறிவிடும். ஒரு ஷாட்டில் ஃப்ரன்ட் சைட் கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் தெரிந்தால் உங்கள் கவனத்தைக் குறை சொல்லாதீர்கள், லென்ஸ்தான் காரணமாக இருக்கும்.

சுடுவதற்கென்று ஒற்றைப் பவர் கண்ணாடி தனியாகப் போடுங்கள். தூரப் பவரோடு +0.50 முதல் +0.75 வரை கூட்டுவது வழக்கம். உங்களுக்கு +0.75 கூட்டினால் -1.25 என்பது -0.50 ஆகும். கண் முயற்சி செய்யாமலே பார்வை ஃப்ரன்ட் சைட் பக்கம் வந்து நிற்கும், டார்கெட்டும் ஒரேயடியாகக் கரைந்து போகாது. சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்கானது) இருந்தால் அதை அப்படியே வைக்க வேண்டும். எந்த எண் பொருந்தும் என்பதைக் கண்ணாடிக் கடையில் கையை நீட்டி, பிஸ்டல் நீளத்துக்கு ஒரு பேனாவைப் பிடித்துச் சோதித்தே முடிவு செய்யுங்கள். பிஸ்டலைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு உள்ளங்கையையும் கோத்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்திலிருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் போர்டு ஓட்டைக்குள்ளேயே இருக்கிறது. இடது கண்ணை மூடினால் காணோம். அப்படியானால் எனக்கு முந்துவது இடது கண்ணா? வலது கைக்காரனுக்கு இது பெரிய குறையா? கையை மாற்ற வேண்டுமா?

பழைய_லேன்

இப்போது எல்லாம் பொருந்துகிறது. உங்கள் மூளை இடது கண்ணின் டார்கெட்டை நம்பியிருக்கிறது, கை வலது கண்ணுக்குச் சைட்டைச் சேர்த்திருக்கிறது.

குறை என்று நினைக்காதீர்கள். வலது கையும் இடது கண்ணுமாக உள்ளவர்கள் நிறையப் பேர். ரைஃபிளில்தான் இது தலைவலி, கட்டையைக் கன்னத்தோடு பதிக்க வேண்டுமே. பிஸ்டல் நீட்டிய கையில் இருக்கிறது, எந்தக் கண்ணுக்கு முன்னாலும் கொண்டுவரலாம். ஆகையால் இரண்டு வழி உண்டு. இடது கண்ணை டேப்பால் மங்கலாக்கி வலது கண்ணாலேயே சுடுவது ஒன்று. வலது கையிலேயே பிடித்து, தலையைக் கொஞ்சம் திருப்பி இடது கண்ணால் சுடுவது இன்னொன்று. இரண்டாவதில் நிற்கும் கோணம், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் மாறும், கிரிப்பும் ஒத்துவராமல் போகலாம். முதல் வழியைத் தொடங்குங்கள். கையை மாற்றுவது கடைசி யோசனை, அதையும் கோச் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கண்_கண்ணாடி

ஒரு சேர்க்கை. முந்தும் கண் வேறு, கூர்மையான கண் வேறு. கண்ணாடி போட்ட பிறகு எந்தக் கண்ணில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றும் பாருங்கள். வலது கண்ணும் சமமாகத் தெரிந்தால் அதை வைத்துச் சுடுவதில் தயக்கமே வேண்டாம். அந்த ஓட்டைச் சோதனையையும் ஒரே தடவையோடு விடாமல், வேறு வேறு தூரத்தில் திரும்பச் செய்து பாருங்கள், சிலருக்கு முடிவு மாறும்.

களிமண்தட்டு

நான் ட்ராப் சுடுகிறேன். எங்கள் பக்கம் இரண்டு கண்ணையும் திறப்பதுதான் முதல் பாடம். நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனது இந்தப் பிரிவில்தான். ஆனால் எங்கள் பழக்கத்தைப் பிஸ்டலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பார்ப்பது பறக்கும் தட்டை, துப்பாக்கியை அல்ல. வேகமும் தூரமும் கணிக்க இரண்டு கண்ணும் எங்களுக்கு வேண்டும். உங்கள் டார்கெட் அசையாது. ரெட் டாட் சைட் வைத்த பிஸ்டலுக்கு யாராவது சொல்லும் அறிவுரையும் இப்படித்தான், அதில் பார்வை டார்கெட்டில் இருக்கும், புள்ளி அதன் மேல் மிதக்கும். இணையத்தில் 'இரண்டு கண்ணையும் திற' என்று வரும் வீடியோக்களில் பெரும்பாலும் அதுதான்.

திருப்பூர்_10மீ

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது, நன்றி. டேப் ஒட்டினால் போட்டியில் அனுமதிப்பார்களா?

பழைய_லேன்

அனுமதிப்பார்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) ரூலில் சுடாத கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலம் வரை மறைப்பு வைக்கலாம். பக்கவாட்டு மறைப்புக்குத் தனி அளவு இருக்கிறது. மாநிலப் போட்டிக்குப் போகும்போது எக்விப்மென்ட் கண்ட்ரோலில் (உபகரணச் சோதனையில்) காட்டிவிட்டு உள்ளே போங்கள்.

நொய்யல்

டேப் ஒட்டி, வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் மட்டும் செய்து வந்தேன். இரண்டாவது பிம்பம் போய்விட்டது. கோச் பக்கத்தில் நிற்க மறுபடி பெல்லட் போட்டேன், சுவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. முகத்திலும் வலி இல்லை. புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

8 மணிக் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. ரியர் சைட்டைத் திருகிக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாமா?

பழைய_லேன்

இப்போது திருகாதீர்கள். விரலின் தவறுக்குச் சைட்டைத் திருத்தினால், விரல் சரியான அன்றைக்கு ஷாட் எதிர்ப்பக்கம் போகும். புதுக் கண்ணாடியும் வரட்டும், அதுவும் கொஞ்சம் இடம் மாற்றலாம்.

அதுவரை டார்கெட் கார்டைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய வைத்துச் சுடுங்கள். குறி வைக்க ஒன்றும் இருக்காது, ஆகவே கண் ஃப்ரன்ட் சைட்டை விட்டு ஓடாது. ஷாட் போன பிறகும் பிஸ்டலைச் சில நொடி இறக்காமல் அப்படியே நிறுத்தி, ஃப்ரன்ட் சைட் எந்தப் பக்கம் துள்ளியது என்று பாருங்கள். இடது-கீழே துள்ளினால் விரல்தான். ட்ரிகரில் விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி படுகிறதா, நேர் பின்னாக இழுக்கிறதா என்று கோச்சைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கார்டில் கூட்டம் சுருங்கிய பிறகும் இடது-கீழேயே நின்றால், அப்போது ரியர் சைட்டைத் தொடலாம். அந்தக் கார்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், ரியர் சைட்டை எத்தனை க்ளிக் திருக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.