புனலூர் குடோன் ஏன் ஓடுதுன்னு யாருக்கும் தெரியல, காரணத்தை எல்லாம் எப்படிங்க எழுதி வைக்கிறீங்க?

கப்பலூர்காத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் பண்ற கம்பெனில இருக்கேன், வெங்கலக்கடைத் தெருல ஒத்தக் கடையா ஆரம்பிச்சது, இப்ப மெயின் குடோன் கப்பலூர்ல. எனக்கு பிசினஸ் ஆர்க்கிடெக்ட்னு பேரு போட்டுருக்காங்க, உண்மையில எல்லாத்துக்கும் படம் போட்டுக் குடுக்கிறவன் அவ்வளவுதான். கேபபிலிட்டி மேப், அதாவது கம்பெனி என்னென்ன வேலை செய்யுதுன்னு காட்டுற படம், போட்டுக்கிட்டு வந்தப்ப கேரளாவுல புனலூர்ல இருக்கிற எங்க குடோன் ஒண்ணு கண்ணை உறுத்துச்சு. இங்க இருந்து லாரி ஏறி அங்க இறங்கி மறுபடி ஏறி டீலர் கடைக்குப் போகுது, எதுக்குன்னே புரியல.

சேல்ஸ்ல கேட்டா "டீலர் பக்கத்துல இருக்கணும்ல"ங்கிறாரு. டிரைவர் அண்ணன் "முந்தி செங்கோட்டை செக்போஸ்ட்ல வண்டி கெடையா கெடக்கும்ப்பா"ங்கிறாரு. அக்கவுன்ட்ஸ்ல "பெரியவர் முடிவு"னு சொல்லி வாயை மூடிட்டாங்க. கடைசில வேலையை விட்டு நின்ன பழைய கணக்குப்பிள்ளை அய்யாவை வில்லாபுரத்துல வீடு தேடிப் போய்க் கேட்டேன், காபி ஆத்திக்கிட்டே ஒரே வார்த்தை, "சிஎஸ்டிப்பா".

சிஎஸ்டின்னா மத்திய விற்பனை வரி. அப்ப மாநிலம் விட்டு மாநிலம் வித்தா, வரியைக் குறைக்க வாங்குறவர் குடுக்கிற சி பாரம் (சி ஃபார்ம்) இருந்தாலும் 2 சதவீதம் சிஎஸ்டி, டீலருக்கு அதைத் திருப்பி எடுக்க வழி கெடையாது. விக்காம நம்ம கிளைக்கே அனுப்புறோம்னு காட்டுற எஃப் பாரத்துல சரக்கு மாத்திட்டா அந்த வரி இல்ல, அங்க கேரளா வாட் (மாநில விற்பனை வரி) போட்டு வித்தா டீலருக்கு கிரெடிட்டும் உண்டு. அதுக்குத்தான் குடோனே. வந்து பழைய வாடகை அக்ரிமென்ட்டை எடுத்துப் பாத்தா ஓரத்துல பென்சில்ல "எஃப் பாரம் மறக்காதே"னு மட்டும் இருக்கு!

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1, அதோட நம்ம சரக்குக்கு சிஎஸ்டி போச்சு, மாநிலம் தாண்டி வாங்குனாலும் டீலருக்கு கிரெடிட் உண்டு. அன்னைக்கே செத்துப்போன காரணத்துக்கு இன்னும் வாடகை கட்டிட்டு இருக்கோம்.

இனிமே முடிவு எடுக்கிறப்பவே காரணத்தை எழுதணும்னு நாலு பக்க பாரம் அடிச்சுக் குடுத்தேன், ஒரு ஆளு நிரப்பல. நீங்க எப்படி பண்றீங்க?

எல்காட்மாப்ள:
நாலு பக்கம்னா நானே நிரப்ப மாட்டேன் ப்ரோ. சாஃப்ட்வேர் பக்கம் ஏடிஆர்னு (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட், முடிவைக் காரணத்தோட எழுதி வைக்கிற குறிப்பு) ஒண்ணு ஓடுது, மைக்கேல் நைகார்ட்னு ஒருத்தர் 2011ல எழுதுனது. தலைப்பு, நெலவரம் என்ன, முடிவு என்ன, இப்ப நடப்புல இருக்கா, இதனால என்னென்ன ஆகும், அஞ்சே விஷயம், ஒண்ணு ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சிரணும். முடிவு மாறுனா பழசை அழிக்கக் கூடாது, "இதுக்குப் பதிலா இப்ப அந்த நம்பர்"னு குறிச்சிட்டு புதுசு எழுதணும். உங்க கதைக்கு நான் இன்னும் ஒரு வரி சேப்பேன், எது மாறுனா இதை மறுபடி எடுத்துப் பாக்கணும்னு. "சிஎஸ்டி போனா குடோனைப் பாக்கவும்"னு அன்னைக்கே எழுதியிருந்தா 2017லயே மணி அடிச்சிருக்கும்ல.

சிம்மக்கல்_சித்தப்பு:
தம்பிகளா, எழுதலாம், ஆனா எழுதக்கூடிய காரணம் மட்டுந்தான் எழுதுவீங்க. முந்தி நான் இருந்த எடத்துல மச்சானுக்கு ஒரு சோலி வேணும்னு ஒரு கிளையவே தெறந்தாங்க, மினிட்ஸ்ல "சந்தை விரிவாக்கம்". ரெண்டு வருசம் கழிச்சு வந்த மேனேஜர் அதை நம்பி சந்தையைத் தேடி அலைஞ்சான் பாவம். பொய்க் காரணத்துக்கு ஒண்ணும் எழுதாமலே இருக்கலாம், இல்ல "குடும்ப முடிவு, ஆராய வேணாம்"னாவது போட்ரலாம், அதுவும் ஒரு தகவல்தான. அப்புறம் வேணாம்னு தள்ளுன யோசனையைக் கட்டாயம் எழுதுங்க, இல்லாட்டி வருசா வருசம் புதுசா ஒருத்தன் அதையே தூக்கிட்டு வருவான். இன்னொண்ணு, அன்னைக்கு சாயந்திரமே எழுதிரணும். வியாபாரம் நல்லா ஓடுன பெறகு கேட்டா எல்லாரும் மொதல்லயே தெரியும்ம்பாங்க.

கல்வெட்டுப்பித்தன்:
கொஞ்சம் தலைப்பை விட்டு வெளிய போறேன், வையாதீங்க. நம்ம ஊர் கதையே இருக்கு, வேள்விக்குடி செப்பேடு, 8ஆம் நூற்றாண்டு, பாண்டியன் நெடுஞ்சடையன் குடுத்தது. ஊரை இன்னாருக்குக் குடுத்தேன்னு மட்டும் வெட்டி வைக்கல. மொதல்ல குடுத்தது பழைய பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, நடுவுல களப்பிரர் காலத்துல பறிபோச்சு, ஊரை வாங்குனவரோட வழிவந்தவர் கூடல்ல, அதாவது மதுரைல, வந்து முறையிட்டாரு, ராசா நாட்டார வச்சு பழமையை நிரூபிச்சு வாங்கிக்கன்னாரு, அவரும் காட்டுனாரு, அதனால திருப்பிக் குடுத்தேன்னு மொத்தமும் அதுல இருக்கு. எல்காட்மாப்ள சொல்ற நெலவரம், பழைய முடிவு, ஆதாரம் எல்லாம் செம்புத் தகட்டுலயே இருக்குய்யா.

கப்பலூர்காத்தான்:
பித்தன் அண்ணே, செம்புத் தகடு நம்ம சரக்குதான், ரேட் போட்டுத் தர்றேன் 😄

புனலூருக்கு ஒரு பக்கத்துல எழுதிப் பாத்தேன். எழுதுறப்பதான் தெரியுது, நசுங்குன பாத்திரத்தை டீலருக மாத்திக்கிறது பூரா அங்கதான் நடக்குது, அந்த வேலையை யாரும் முடிவு பண்ணி வைக்கல, தானா வந்து ஒட்டிக்கிச்சு. அதனால மூடலாமான்னு இப்போதைக்கு வாயைத் தெறக்கல, அதுக்கு மட்டும் பாதி எடம் போதுமான்னு பாக்கிறோம். சித்தப்பு சொன்ன மாதிரி "இப்ப மூடுறது"ங்கிறதை தள்ளுன யோசனைல போட்டேன்.

ஒரு சந்தேகம், இந்தப் பக்கத்தை மேப்ல எங்க கோக்கிறது?

எல்காட்மாப்ள:
ஆர்க்கிமேட்ல (கம்பெனி அமைப்பைப் படமா வரையிற ஒரு முறை) போடுறீங்கன்னா அதுல ஏன் எதுக்குன்னு காட்டுற மோட்டிவேஷன் பகுதி இருக்கு. ஜிஎஸ்டி வந்தது டிரைவர் (லாரி டிரைவர் இல்ல, மாத்தத்தைத் தூண்டுற காரணம்!), "ரெண்டாவது குடோனால வரி லாபம் இல்ல"ங்கிறது அசெஸ்மென்ட் (அதைப் பத்தின நம்ம கணிப்பு), செலவைக் குறைக்கிறது கோல். அந்த அசெஸ்மென்ட்டு மேல பக்கத்தோட லிங்க்கை ஒட்டிருங்க. கேபபிலிட்டி பெட்டில ஒட்டாதீங்க, நான் அப்படி ஒட்டி ஒரே பெட்டில பதினேழு லிங்க் தொங்குது, ஒருத்தனும் தெறக்கிறதில்ல.