பாப்பாவுக்கு எந்தச் சிந்த்? (குடும்பக் குழு)

அக்கா: ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் பிறந்தநாள். எல்லோரும் சேர்ந்து சிந்தசைசர், அதான் சத்தத்தை நாமே உருவாக்கி வாசிக்கிற கீபோர்டு, வாங்கித் தரலாம் என்றோமே, எதை வாங்குவது? இன்று ராத்திரிக்குள் ஆர்டர் போட்டால்தான் வந்து சேரும்.

சின்னவன்: அவள் இந்தக் குழுவில் இல்லைதானே?

அக்கா: இல்லை. போன மாதமே வெளியேறிவிட்டாள்.

சித்தப்பா: எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்கிறாளே. தனியாக ஒரு பெட்டி எதற்கு?

நான்: அதற்காகத்தான் சித்தப்பா. மவுஸில் ஒரு நேரத்தில் ஒரு நாபை, அதாவது ஒரு திருகைத்தான் திருப்ப முடியும். கையில் கருவி இருந்தால் இடது கையால் ஃபில்டரை (சத்தத்தை மங்கலாக்கும், பளிச்சென்று ஆக்கும் பகுதி) திறந்துகொண்டே வலது கையால் வாசிக்கலாம். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். கோர்க் மினிலாக், 2016இல் வந்தது. சத்தம் பிறக்கும் ஆசிலேட்டர், ஃபில்டர் இரண்டும் அனலாக் (நேரடி மின்சுற்று), 4 வாய்ஸ், அதாவது ஒரே நேரத்தில் 4 சுரம், 37 கட்டை. நாபைத் திருப்பத் திருப்ப அலை எப்படி நெளிகிறது என்று அதன் குட்டித் திரையில் பார்க்கலாம். இன்னொன்று ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக், 2019. அதில் சத்தம் பிறப்பது டிஜிட்டலில், ஃபில்டர் மட்டும் அனலாக். உலோகம், கண்ணாடி, பேச்சுக்குரல் மாதிரி எல்லாம் வரும். ஆனால் 4 சுரம் சேர்த்துப் பிடித்தாலும் எல்லாம் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வெளியே வரும். கட்டையும் 25தான், அதுவும் அசையாத தொடுதகடு. பியானோ பழகிய விரல் அதில் தடுமாறும்.

சின்னவன்: சுருக்கமாக அண்ணா

நான்: மினிலாக்.

பெரியம்மா: வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே. அவருடையது.

சித்தப்பா: அண்ணி, அது பரணில் பத்திரமாக இருக்கிறது.

பெரியம்மா: ஒரு வாரத்துக்கு என்றுதான் கொண்டுபோனீர்கள் தம்பி.

அக்கா: இப்போது அந்தப் பேச்சு வேண்டாமே, பெரியம்மா.

சின்னவன்: கட்டை உடைந்ததற்கு நான் காரணம் இல்லை. அப்போது எனக்கு 6 வயது.

அக்கா: அதன் மேல் ஏறி நின்றாய். நான் பார்த்தேன்.

நான்: எல்லோரும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அது யமஹா டிஎக்ஸ்7, 1983இல் வந்த மாடல். உள்ளே பலகையில் ஒரு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். பெரியப்பா செய்து வைத்த 32 டோனும் (சத்த வகையும்) அந்தப் பேட்டரியில் உயிர் இருக்கிற வரைதான். தயவுசெய்து யாரும் திறந்து பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் மிடி கேபிள் (இசைக் கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது) போட்டு 32ஐயும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட வேண்டும். மொத்தமே 4104 பைட்தான். பேட்டரியை அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

பெரியம்மா: 9ஆம் நம்பரில் கோயில் மணி மாதிரி ஒன்று வைத்திருந்தார். ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதையே திருத்திக்கொண்டிருப்பார். அது போயிருக்குமா?

நான்: ஆன் செய்து பார்த்தால்தான் தெரியும் பெரியம்மா.

சித்தப்பா: இதை ஏன் முன்பே சொல்லவில்லை? இப்போதே இறக்குகிறேன்.

சின்னவன்: அப்போ பாப்பாவுக்கு அதையே கொடுத்துவிடலாமே

நான்: வாசிக்கக் கொடுக்கலாம். டோன் செய்யக் கற்றுக்கொள்ள அது சரிவராது. அலையை உண்டாக்க 6 ஆபரேட்டர், அவற்றைக் கோக்க 32 அல்காரிதம், அத்தனைக்கும் ஒரே ஒரு ஸ்லைடர். ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டு மாற்ற வேண்டும். பெரியப்பாவுக்கு அந்தப் பொறுமை இருந்தது. அவள் முதலில் மினிலாக்கில் கை பழகட்டும். இரண்டையும் மிடியில் கோத்துவிட்டால் டிஎக்ஸ்7இன் 61 கட்டையில் வாசித்து மினிலாக்கைப் பாட வைக்கலாம். இரண்டு கைக்கும் இடம் கிடைக்கும்.

அக்கா: ஆக, மினிலாக். சரிதானே?

சின்னவன்: மைக்ரோஃப்ரீக்கில் பேச்சுக்குரல் வரும் என்றாயே அண்ணா, அது அவளுக்குப் பிடிக்கும்

அக்கா: ஐயோ.

பெரியம்மா: தம்பி, ஏணியைப் பார்த்து ஏறுங்கள்.

சித்தப்பா: இறக்கிவிட்டேன் அண்ணி. ஒரே தூசி. ஆன் ஆகிறது, திரையில் எழுத்து வருகிறது. அவன் சொன்ன மாதிரி வேறு எதையும் தொடவில்லை. 9ஐ மட்டும் அழுத்தி வாசித்தேன். கேளுங்கள்.

சித்தப்பா: (குரல் பதிவு, 14 நொடி)

பெரியம்மா: இது இல்லை. 10ஐ அழுத்திப் பாருங்கள்.

அக்கா: மினிலாக்கா இல்லையா, யாராவது சொல்லுங்கள்.

சித்தப்பா: (குரல் பதிவு, 41 நொடி)

பெரியம்மா: இதுதான்.