‘கிறிஸ்தவச் சலுகை’ பற்றிய பயிற்சியை மட்டக்களப்பில் எப்படி நடத்துவது?

மட்டுநகர் வாசகி:
இந்து, இஸ்லாமிய, கத்தோலிக்க, மெதடிஸ்த இளையோர் 30 பேருக்கு ஒரு நாள் பயிற்சி. கையில் இருப்பது அமெரிக்காவில் தயாரான கையேடு. “உங்கள் பெருநாளுக்கு லீவு கேட்கத் தேவையில்லை, வழிபாட்டு நாளில் வேலை இல்லை” என்று கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. தமிழாக்கி அப்படியே கொடுக்கலாமா? இங்கே கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பின் காயமும் ஆறவில்லை.

வாவிக்கரை:
தங்கச்சி, அப்படியே கொடுக்க வேண்டாம். முதலில் சொல்லை மாற்றுங்க. ‘சலுகை’ என்றால் யாரோ பார்த்துக் கொடுத்தது என்றுதான் நம் காதில் விழும். கையேடு சொல்வது, கேளாமலே கிடைக்கும் வசதியை. கிடைப்பவருக்கு அது கிடைப்பதே தெரியாது.

அமெரிக்க உதாரணம் வேண்டுமென்றால் ஒன்று போதும். பிலடெல்பியாவில் யூதக் கடைக்காரர்கள் தங்கள் மதப்படி சனிக்கிழமை கடை பூட்டினார்கள், சட்டப்படி ஞாயிறும் பூட்ட வேண்டியிருந்தது. வாரத்தில் 5 நாள் வியாபாரம்தான். 1961இல் உச்ச நீதிமன்றம் அந்த ஞாயிறுச் சட்டம் செல்லும் என்றது. அந்த யூதர்களை வெறுத்து எழுதிய சட்டமில்லை அது, ஆனாலும் நட்டம் அவர்களுக்கு.

நம் நாட்டில் அந்தப் பட்டியல் இரண்டாகப் பிரியும். அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை முதன்மை இடம் கொடுப்பது பௌத்தத்துக்கு. வார விடுமுறை மட்டும் இன்னும் ஞாயிறு. 1966 முதல் 1971 வரை, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளை (நிலவின் நிலையை ஒட்டி வரும் பௌத்தப் புனித நாள்) வைத்து வாரத்தை அமைத்துப் பார்த்தார்கள். சில வாரம் 8 நாளாக நீண்டது, வெளிநாட்டு வங்கி, துறைமுகக் கணக்கோடு ஒத்துவரவில்லை, கைவிட்டார்கள். நாட்காட்டியை ஒரு நாடு தனியாக மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கல்லடியூரான்:
வரலாற்றுப் பகுதியில் ஒரு பிழை அடிக்கடி வரும், கவனம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் திருமணப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் அரச வேலைக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. ஆனால் அந்த நெருக்கடி யாழ்ப்பாணத்திலும் தென்மேற்குக் கரையிலும் இருந்த அளவுக்கு இங்கே இருக்கவில்லை. மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் 1638இலேயே பிடித்தாலும், கிழக்குக் கரை முழுவதையும் கண்டி அரசன் விட்டுக்கொடுத்தது 1766 உடன்படிக்கையில்தான்.

மட்டக்களப்பில் உண்மையான பிடி பள்ளிக்கூடம். 1814இல் மெதடிஸ்த மிஷன் வந்தது. ஆங்கிலப் படிப்பும் அதோடு வந்த உத்தியோகமும் நெடுங்காலம் மிஷன் வாசல் வழியாகத்தான். 1892இல் காரைதீவில் பிறந்த இராமகிருஷ்ண மிஷன் துறவி விபுலாநந்த அடிகளும் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். அவர் 1929இல் கல்லடி உப்போடையில் கிறிஸ்தவ மிஷன் சாராத சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியதன் அருமை இதோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். அந்த மிஷன் பள்ளிகள் எத்தனையோ ஏழை வீடுகளைத் தூக்கி விட்டன, அதையும் அதே மூச்சில் சொல்லுங்க. ஒன்றை மறைத்து மற்றதைச் சொன்னால் மண்டபத்தில் பாதிப்பேர் காதை மூடிவிடுவார்கள்.

காத்தான்குடி வாசகன்:
செய்முறைக்கு வருவோம். “இது உங்களுக்குக் கிடைத்ததா? ஓர் அடி முன்னே வாங்க” என்ற விளையாட்டைத் தவிர்க்கவும். 30 பேரில் 4 மெதடிஸ்தப் பிள்ளைகள் மட்டும் முன்னே நின்றால் பயிற்சி அங்கேயே முறிந்துவிடும். பெயர் எழுதாத துண்டுத்தாள் கொடுங்க, 10 சந்தர்ப்பம். ஒவ்வொன்றுக்கும் ‘கேட்க வேண்டியிருந்தது’, ‘கேட்காமல் கிடைத்தது’ என்று இரண்டு கட்டம். கூட்டி எழுதிய எண்ணிக்கையை மட்டும் பலகையில் காட்டுங்க.

சந்தர்ப்பங்கள் நம் ஊருடையதாக இருக்கட்டும்:
- வெள்ளிக்கிழமை 9 மணிக்குத் தொடங்கும் 3 மணித்தியாலப் பரீட்சை. வாசிப்பு நேரம் 10 நிமிடம் சேர்த்தால் 12.10, தாள் சேகரித்து முடிய 12.20. பள்ளிவாசலில் குத்பா (வெள்ளித் தொழுகைப் பிரசங்கம்) தொடங்கியிருக்கும். 8.30க்குத் தொடங்கினால் 11.40க்கு முடியும்.
- கூட்டத்தை ஒரு மதத்தின் ஜெபத்தோடு மட்டும் தொடங்குதல்.
- விண்ணப்பத்தில் ‘கிறிஸ்தவப் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டங்கள். ஞானஸ்நானப் பெயரையும் பரம்பரைப் பெயரையும் எண்ணி வந்தவை அவை. தகப்பன் பெயரை முன்னால் எழுதும் நமக்கு எதை எங்கே போடுவது என்றே குழப்பம், பிறகு இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயர்.
- தமிழில் எழுதும்போதும் நாம் போடும் கி.மு., கி.பி.

நோன்புப் பெருநாள் பிறை பார்த்து முடிவாகும், எனவே அதற்கடுத்த நாளிலும் பரீட்சை வைக்காமல் விடவும்.

மட்டுநகர் வாசகி:
நன்றி நானா. பயிற்சியை எந்த நாள் வைப்பது? ஞாயிறுதான் மண்டபம் கிடைக்கும்.

காத்தான்குடி வாசகன்:
ஞாயிறு காலை பூசையும் ஆராதனையும் இருக்கே, இந்துப் பிள்ளைகளின் அறநெறிப் பாடசாலையும் அப்போதுதான். ஞாயிறு என்றால் பிற்பகல் 1.30க்குப் பிறகு, இரண்டு வாரமாகப் பிரித்து வைக்கவும். முழுநாள் வேண்டுமென்றால் சனி, 12.15 முதல் 1.15 வரை இடைவேளை. புரட்டாதிச் சனியில் விரதக்காரர் இருப்பார்கள், அகப்பை, சட்டி எல்லாம் மரக்கறிக்குத் தனியாக. கோழி ஹலாலாக. மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம்.