புதுப்பிப்பு: டெக்சாஸ் மட் வரி, தண்ணீர் பில், எஸ்க்ரோ

ஹூஸ்டன் புறநகர்ப் புது வீடுகளுக்கு வரும் மட் வரி, அதாவது முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் வரி பற்றிய என் முந்தைய இழையில் பலரும் கேட்டது: இதைக் கட்டினால் தண்ணீர் பில் வராதா? வரும். குழாய், கழிவுநீர், வடிகால் அமைக்க டிஸ்ட்ரிக்ட் வெளியிட்ட கடன்பத்திரங்களை அடைக்கத்தான் பெரும்பாலும் இந்த வரி. மாதாந்திரத் தண்ணீர், கழிவுநீர்க் கட்டணம் தனி.

வரி விகிதம் வீட்டின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கு. 0.80 என்றால் 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 3,200. மாதம் சுமார் 267 டாலர்.

பலர் அடிபடுவது இரண்டாம் ஆண்டில். மதிப்பீடு ஜனவரி 1 நிலவரப்படி. அன்று காலி மனையாக இருந்தால் முதல் பில் நிலத்துக்கு மட்டும்தான். அதை வைத்து வங்கி எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக வீட்டுக்கடன் தவணையோடு மாதாமாதம் எடுத்து வைக்கும் தொகை) பிடித்தால், அடுத்த ஆண்டு முழு வரியோடு பழைய பற்றாக்குறையும் சேர்ந்து தவணை எகிறும். கட்டி முடித்த வீட்டின் மதிப்பிலேயே எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்பே விற்பவர் தர வேண்டிய மட் அறிவிப்பை வாங்கிப் படியுங்கள். வாக்காளர்கள் அனுமதித்த கடன், இதுவரை வெளியிட்ட கடன் இரண்டும் அதில் இருக்கும். இடைவெளி பெரிதென்றால் இன்னும் கடன் வெளியிட இடமிருக்கிறது; 'விகிதம் சீக்கிரம் குறையும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். 2025-ல் 1,40,000 டாலராக உயர்ந்த ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரிக்கு முன் கழிக்கும் தொகை) பள்ளி வரிக்குத்தான். மட் வரியில் அது கழியாது.