புதுப்பிப்பு: நெப்போலியனின் போர்களை எந்த நூலில் தொடங்குவது?

நெப்போலியனின் போர்களைப் பற்றி ஏதும் அறியாதவர் எந்த நூலில் தொடங்கலாம் என்று நான்கு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பலரும் வரலாற்றாசிரியர் டேவிட் சாண்ட்லர் 1966இல் வெளியிட்ட, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பெருநூலையே பரிந்துரைத்தீர்கள்.

அதை முதலிலிருந்து படிக்கப் புகுந்து, 1796ஆம் ஆண்டின் இத்தாலியப் படையெடுப்பிலேயே பெயர்கள் குழம்பி நின்றுவிட்டேன். பிறகு 1805ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துக்கொண்டேன். வரைபடத்தை மேசையில் விரித்து, பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் ரைன் நதியைக் கடந்து தனித்தனிச் சாலைகளில் டான்யூப் நதியை நோக்கி, எதிரியின் பின்புறமாக வளைவதை விரலால் தொடர்ந்தபோதுதான், ஊல்ம் நகரில் இருந்த ஆஸ்திரியத் தளபதி மாக் அக்டோபரில் ஏன் சரணடைய நேர்ந்தது என்பது எனக்கு விளங்கியது. டிசம்பர் 2 அன்று ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளுடன் நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரில், களத்தின் நடுவே இருந்த பிராட்சன் மேட்டை நெப்போலியன் வேண்டுமென்றே எதிரிக்கு விட்டுவைத்தது அவர்களைப் பொறிக்குள் இழுக்கவே என்பதும் அப்படியே புரிந்தது. ஆகவே, வரைபடங்கள் குறைந்த நூலைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சாண்ட்லர் பெரிதும் நெப்போலியன் நேரில் நின்ற களங்களையே பின்தொடர்வதால், ஸ்பெயினில் ஆண்டுக்கணக்கில் நீண்ட போர் அங்கே சுருங்கிவிடுகிறது. சார்ல்ஸ் எஸ்டெய்லின் 2007ஆம் ஆண்டு நூல், மற்ற அரசுகள் ஏன் போரிட்டன என்பதை விரிவாக ஆராய்கிறது. ஆனால் களக்காட்சிகளை எதிர்பார்ப்பவர் அதை இரண்டாவதாகப் படிப்பதே நல்லது. அடுத்து, 1812ஆம் ஆண்டின் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி ஆடம் ஜமோய்ஸ்கி எழுதியதை எடுத்திருக்கிறேன்.