டோக்கியோ டீம்லேப்: பிளானெட்ஸா, பார்டர்லெஸ்ஸா? (அம்மாவுக்கு மூட்டு வலி, கூடவே 4 வயதுக் குழந்தை)

தென்றல்77 கேட்டது:
ஏப்ரலில் டோக்கியோ போகிறோம். அறை முழுக்க ஒளிப்படங்கள் ஓடும் டிஜிட்டல் கலைக்கூடமான டீம்லேப்புக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். டொயோசுவில் இருக்கும் பிளானெட்ஸ், அசாபுடாய் ஹில்ஸில் இருக்கும் பார்டர்லெஸ், இரண்டில் எதற்குப் போகலாம்? அம்மாவுக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு, புடவைதான் கட்டுவார். மகளுக்கு 4 வயது. தண்ணீருக்குள் நடக்கணுமாமே, எவ்வளவு ஆழம்? போட்டோவில் கோடு கோடாக விழுகிறது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

கடலோரக்கவி:
பிளானெட்ஸில் உள்ளே நுழைந்ததுமே செருப்பு, சாக்ஸ், பை எல்லாம் லாக்கருக்குப் போய்விடும். லாக்கருக்குக் காசு இல்லை. அங்கிருந்து வெறுங்கால்தான். முதலில் தண்ணீர் ஓடிவரும் இருட்டான சரிவில் மேலே ஏறணும். அடுத்து மெத்தை அறை. காலை வைத்தால் தரையே அமுங்கும், ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுத்து வைக்கணும். எல்லோரும் தண்ணீரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மூட்டு வலிக்காரருக்கு உண்மையான தொல்லை இந்த மெத்தைதான். வாசலிலேயே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், அதைத் தவிர்த்துப் போக வழி காட்டுவார்கள்.

ஒளியால் வரைந்த கொய் மீன்கள் நீந்தும் குளத்தில் தண்ணீர் பெரியவர்களுக்கு முழங்கால் வரை வரும். உங்கள் மகளுக்குத் தொடையைத் தாண்டிவிடும், மாற்று உடுப்பு எடுத்துப் போங்கள். தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கும். தெளிந்த நீரில் ஒளி ஊடுருவிப் போய்விடும், கலங்கினால்தான் மேற்பரப்பில் படம் நிற்கும். அதனால் அடி தெரியாது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது நல்லது. கரையேறினால் துண்டு தருவார்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, முழங்காலுக்கு மேல் சுருட்ட முடிகிற தொளதொள பேன்ட் வேண்டும். டைட் ஜீன்ஸ் பாதியில் நின்றுவிடும். புடவை வேண்டவே வேண்டாம். நனைந்த கொசுவம் காலைச் சுற்றிக்கொண்டால் ஆள் விழுவார். சில அறைகளில் தரையே முகம் பார்க்கும் கண்ணாடி, பாவாடை, ஸ்கர்ட் போட்டவர்களுக்கும் அது சங்கடம். அங்கேயே அரைக்கால் சட்டை இரவல் தருவார்கள், ஆனால் உங்கள் அம்மா அதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி!

மாடிவீட்டு மாலா:
அம்மா கூட வருகிறார் என்றால் பார்டர்லெஸ்தான், யோசிக்கவே வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தண்ணீரில் இறங்க வேண்டியதும் இல்லை. புடவையும் கட்டலாம், கண்ணாடித் தரை அறைக்காக உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹிபியா மெட்ரோ லைனில் கமியாச்சோ ஸ்டேஷனில் இறங்கினால் நிலத்தடியிலேயே போய்விடலாம். பழைய பதிவுகளைப் பார்த்து ஒடைபாவுக்குப் போய் நிற்காதீர்கள். அங்கே இருந்த பழைய பார்டர்லெஸ் 2022 ஆகஸ்டில் மூடிவிட்டது, இப்போது இருப்பது 2024 பிப்ரவரியில் திறந்தது.

இங்கே மேப் கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. படங்களும் ஒரு அறையை விட்டு இன்னொரு அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். எனவே பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். உட்கார இடம் குறைவு. அம்மாவுக்குக் கால் வலித்தால் உள்ளே இருக்கும் டீக்கடைக்குப் போங்கள், தனிக் கட்டணம். கோப்பையில் தேநீர் இருக்கும்வரை அதில் ஒளிப்பூ விரியும், கோப்பையைத் தூக்கினால் இதழ் உதிரும்.

ஒன்று கவனியுங்கள். இது ஓடி முடிந்து மறுபடி தொடங்கும் வீடியோ இல்லை. கம்ப்யூட்டர் அந்தந்த நொடியில் வரைகிறது, ஆட்கள் இருப்பதையும் சென்சார் பார்க்கிறது. பூக்கள் இருக்கும் இடத்தில் அசையாமல் நின்றால் அவை பெருகும், தொட்டாலோ மிதித்தாலோ உதிரும். ஒளி அருவி விழும் பாறையில் குழந்தையை நிற்கவையுங்கள், அந்த ஒளித் தண்ணீர் அவளை விட்டு விலகிப் பாயும். போட்டோ எடுத்ததும் ஓடுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை.

ஷட்டர்பாண்டி:
கோடு விழுவது பெரும்பாலும் எல்இடி அறைகளில். எல்இடி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. போன் சென்சாரோ படத்தை வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர் 1/500 நொடி மாதிரி வேகமாக இருந்தால், அணைந்த நேரத்தில் படித்த வரிகள் கறுத்துவிடும். போன் கேமராவில் நாமே அளவு வைக்கும் புரோ மோடில் 1/60 வையுங்கள், அப்போதும் போகாவிட்டால் 1/30.

ஆட்டோவில் எடுத்தால் இருட்டைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் கூட்டும், விளக்குகள் வெள்ளையாக வெந்துபோகும். பிரகாசமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து லாக் செய்து, எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒரு படி இறக்குங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல பிரேம்களைச் சேர்ப்பதால் நகரும் பூ இழுபட்டுப்போகும். பிளாஷ், டிரைபாட், செல்ஃபி ஸ்டிக் மூன்றுக்கும் தடை.

புரொஜெக்டர் அறையில் வெளிர் நிற உடுப்புதான் அழகு. அம்மா வெள்ளையிலோ சந்தன நிறத்திலோ பருத்திப் புடவை கட்டினால் பூ முழுக்க அதன்மேல் விழும், அடர் பச்சைப் பட்டு ஒளியை விழுங்கிவிடும்.

தென்றல்77:
நன்றி. அப்போ பார்டர்லெஸ்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் தலைசுற்றலும் உண்டு, பரவாயில்லையா?

மாடிவீட்டு மாலா:
நாலு சுவரும் நகரும்போது கண் "நாம் நகர்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு "இல்லை" என்கிறது. தலைசுற்றல் அதனால்தான். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், நின்றபடி மூடினால் தள்ளாட்டம் கூடலாம். பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வாசல் விளிம்பு மாதிரி நகராத ஒன்றைப் பார்க்கட்டும். அடங்காவிட்டால் வெளிச்சமான நடைபாதைக்குக் கூட்டி வாருங்கள். கட்டடத்தை விட்டு மட்டும் வெளியே வராதீர்கள், திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வார நாளில் முதல் ஸ்லாட் எடுங்கள், கூட்டம் குறைவு, விலையும் வார இறுதியைவிடக் குறைய வாய்ப்பு உண்டு.