சூரிய உதயக் கணக்கு 4 நிமிடம் பிந்துகிறது. சூரிய வட்டின் அளவும் கூடுதலாக வருகிறது

மணற்கடிகை:
எக்செலில் சென்னைக்கு உதய நேரம் போட்டுப் பார்க்கிறேன். அட்சம் 13.08 வடக்கு, தீர்க்கம் 80.27 கிழக்கு. ஜூன் 21க்குக் கிராந்தி (வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கே விலகிய கோணம்) 23.44. மணிக்கோணத்தின் (உதயம் முதல் நண்பகல் வரை சூரியன் நகரும் கோணம்) கொசைன் = −டான்(அட்சம்) × டான்(கிராந்தி) என்ற சூத்திரத்தில் 95.78 டிகிரி, அதாவது 6 மணி 23.1 நிமிடம் வருகிறது. சூரிய நண்பகல் (சூரியன் உச்சத்துக்கு வரும் நேரம்) 12:10.7. கழித்தால் உதயம் 5:47.6. நாளிதழிலும் கைபேசிச் செயலியிலும் 5:44 என்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

இன்னொன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சூரியனின் தோற்ற அளவை அளக்க வேண்டும். அட்டையில் 3 மி.மீ. துளை, 5 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாள். படம் 49 மி.மீ. இருக்கிறது, கணக்குப்படி 46 தான் வரவேண்டும். ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த முறையில் பிடிக்க முடியுமா?

பாகைமானி:
கணக்கில் பிழை இல்லை. உங்கள் சூத்திரம் சொல்வது வேறு நேரத்தை. காற்றே இல்லாத பூமியில் சூரிய வட்டின் மையம் தொடுவானத்தைத் தொடும் கணம் அது. நாளிதழ் போடுவது மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் கணம். தொடுவானத்தில் ஒளிவிலகல் சுமார் 34 கலை, சூரியனின் அரைவிட்டம் 16 கலை; 60 கலை ஒரு டிகிரி. மொத்தம் 50 கலை, அதாவது மையம் −0.833 டிகிரியில் இருக்கும்போதே விளிம்பு தெரிந்துவிடும்.

முழுச் சூத்திரம்: கொசைன்(மணிக்கோணம்) = [சைன்(−0.833) − சைன்(அட்சம்) × சைன்(கிராந்தி)] ÷ [கொசைன்(அட்சம்) × கொசைன்(கிராந்தி)]

உங்கள் எண்களைப் போட்டால் −0.1170, கோணம் 96.72, 6 மணி 26.9 நிமிடம், உதயம் 5:43.8. நீங்கள் தேடிய 4 நிமிடம் இதுதான். ஜோதிடக் கணிப்பில் வட்டின் மையத்தையே எடுப்பவர்களும் உண்டு, ஆகவே பஞ்சாங்கத்தோடு ஒப்பிடும் முன் எந்த உதயம் என்று பாருங்கள்.

நண்பகலைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்: இந்திய நேரத்துக்கான தீர்க்கம் 82.5 − 80.27 = 2.23 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 8.9, காலச் சமன்பாட்டுக்கு (சூரியக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் இடையே நாளுக்கு நாள் மாறும் வித்தியாசம்) 1.8. பலர் சறுக்குவது இங்கேதான். காலச் சமன்பாட்டின் குறியைச் சில புத்தகங்கள் நேரெதிராக அச்சிடுகின்றன. ஜூனில் குறி மாறினால் மூன்றரை நிமிடப் பிழைதான், வேறெதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். பிப்ரவரி 11ஐப் போட்டுச் சோதியுங்கள்: சென்னையில் சூரிய நண்பகல் 12:23 வரவேண்டும். நவம்பர் 3க்கு 11:52 அல்லது 11:53. இரண்டும் சரியென்றால் குறியும் சரி.

கிராந்திக்கு 23.45 × சைன்(360 × (284 + நாள்) ÷ 365) என்ற எளிய சூத்திரம் (நாள் என்பது ஜனவரி 1 முதல் எண்ணிய எண்) போதுமா என்றால், சென்னைக்குப் போதும். சில நாட்களில் அது அரை டிகிரிக்கு மேலும் விலகும். அரை டிகிரிக்குச் சென்னையில் அரை நிமிடம்கூட மாறாது. தில்லியில் ஒரு நிமிடம் மாறும்.

மணற்கடிகை:
நன்றி ஐயா, 5:43.8 வந்துவிட்டது. ஆனால் வருடம் முழுக்க ஓட்டினால் மிகவும் முந்திய உதயம் ஜூன் 21இல் வரவில்லை. மே முடிந்து ஜூன் தொடங்கும் இடத்தில் 5:41 வருகிறது. சூத்திரத்தில் ஏதாவது? பார்க்கப் போவதும் கடற்கரையை ஒட்டி 30 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து.

பாகைமானி:
பிழையே இல்லை. அந்த நாட்களில் நண்பகலே நாளுக்கு ஒன்பது பத்து விநாடி பிந்திக்கொண்டிருக்கும். பகல் நீள்வதால் கிடைக்கும் லாபத்தை அது தின்றுவிடும். மிகத் தாமதமான உதயமும் டிசம்பர் 21இல் (6:26) இல்லை, ஜனவரி கடைசியில் (6:36).

உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் தாழ்ந்து தெரியும். தாழும் அளவு: 1.76 × √உயரம் மீட்டரில், விடை கலையில். 30 மீட்டருக்கு 9.6 கலை. இதையும் 50 கலையோடு கூட்டுங்கள். சென்னையில் ஜூனில் சூரியன் நிமிடத்துக்கு 13.3 கலை ஏறுவதால் உதயம் சுமார் 43 விநாடி முந்தும். கடலோ சமவெளியோ கீழே விரிந்திருந்தால்தான் இது பொருந்தும். ஊட்டி 2,200 மீட்டர் என்று அப்படியே போட்டால் அபத்தமான விடைதான் வரும், எதிரே மலை நிற்கிறதே. அந்த 34 கலையும் சராசரிதான். கடல்மேல் காற்றின் வெப்பநிலை அடுக்கு மாறினால் அதுவும் மாறும். விநாடிக் கணக்கில் சண்டை போட வேண்டாம்.

துளைப்படம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 46 + 3 = 49. கூடுதலாக வந்தது உங்கள் துளையின் அகலமேதான். மங்கலான வெளி விளிம்பு வரை அளந்திருக்கிறீர்கள். வெளிச்சம் பாதியாகக் குறையும் இடத்தை அளக்க வேண்டும், ஆனால் கண்ணுக்கு அது பிடிபடாது. அதைவிட 3, 4, 6 மி.மீ. என மூன்று துளைகளில் வெளி விளிம்பையே அளந்து, துளை அகலத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்து, கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டுங்கள். அங்கே வருவதுதான் உண்மை விட்டம். அதைத் தூரத்தால் வகுத்து 3438ஆல் பெருக்கினால் கலை. துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கூர்மை கூடும் என்று நினைக்காதீர்கள். 5 மீட்டரில் 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் அலைவிளிம்பு விளைவால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) மீண்டும் மங்கும்.

ஜனவரி தொடக்கத்தில் 32.5 கலை, ஜூலை தொடக்கத்தில் 31.5 கலை. 5 மீட்டரில் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான், பிள்ளைகளின் கையில் தொலைந்துவிடும். 10 மீட்டருக்குப் போங்கள்: 94.6க்கும் 91.5க்கும் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் 4 மி.மீ. துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டி, வெயிலை இருட்டறைக்குள் திருப்பினால் போதும். திரை கதிருக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் படம் முட்டை வடிவாகும். அப்போது குறுகிய விட்டத்தையே எடுங்கள். படம் விநாடிக்குக் கிட்டத்தட்ட 0.7 மி.மீ. நகரும். எனவே திரையில் அளவுகோலை ஒட்டி, புகைப்படம் எடுத்து அதில் அளப்பது நல்லது. இரு மாதங்களிலும் அதே துளை, அதே தூரம். தூரத்தை ஒரு செ.மீ.க்குள் டேப்பால் அளந்தால் தாராளம்.

நண்பகலை ஒட்டியே செய்யுங்கள். தொடுவானத்தில் கீழ் விளிம்பை ஒளிவிலகல் அதிகம் தூக்குவதால் வட்டு மேலும் கீழும் நசுங்கி 27 கலை அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடித் துளைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காதபடி பிள்ளைகளைத் திரையை நோக்கி நிறுத்துங்கள்.